வரப்பில் வந்த நடை

சாயங்கால மீட்டிங் முடிந்து காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றியபோது அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் சதீஷின் தட்டு. ஏற்கெனவே துடைத்த தட்டை முந்தானையால் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள். "உன் லேப்டாப்பு ஒயரு டிவிலதான இருக்கு? உன் கல்யாண கேசட்ட போடு. மொகூர்த்தக்கால் வெட்டிட்டு வருவான்ல, அது மட்டும் போதும்" என்றாள். என்னிடம்தான் சொன்னாள், ஆனால் குரல் கூடத்தின் அந்தப்பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துப் போயிற்று. அப்பா காது கேட்காதவர் மாதிரி கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சதீஷ் என் தம்பி. ஐப்பசியில் ஒரு மத்தியானம், வலங்கைமானுக்கு உரம் வாங்கப் போனவன், குடமுருட்டிப் பாலத்துக்கு முந்தின வளைவில் ஒரு வேனில் அடிபட்டுச் செத்துப்போனான். இதை இப்படி ஒரே வரியில் சொல்ல நான் பழகிக்கொண்டேன். அலுவலகத்தில் கேட்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்லிப் பிரயோஜனமில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரரைச் சென்னையில் ஓட்டல் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மாவை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. அவள் பாட்டுக்கு விளக்கேற்றுகிற நேரத்துக்குத் தட்டை எடுத்துக் கூடத்தில் வைக்கிறாள், சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். இருட்டி வெகுநேரம் கழித்து அந்தச் சோற்றைக் கொண்டுபோய் மாட்டுக்கு வைக்கிறாள். ஒருநாள்கூட விட்டதில்லை.

அதற்குக் காரணம் அப்பா சொன்ன ஒரு வார்த்தை.

எங்கள் பக்கத்து நிலம் தாம்பாளம் மாதிரி இருக்கும். மேடு கிடையாது, மறைப்பு கிடையாது. நாலு வயல் தள்ளி வரும்போதே வருகிற ஆள் யாரென்று தெரிந்துவிடும். முகம் தெரியாது, நடை தெரியும். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவள், சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வருகிறவர், மடை பார்க்கப் போன இடத்தில் வாய்த்தகராறு ஆகி வருகிறவர் எல்லாரையும் நடையைப் பார்த்தே எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவரின் முகத்தை அம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. காரிலிருந்து இறங்கி வாசல்வரை வந்ததை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "நடை சுத்தமா இருக்கு" என்று உள்ளே வந்து சொன்னாள். அவ்வளவுதான், என் கல்யாணம் முடிவாகிவிட்டது.

சதீஷின் நடையை ஊரில் யாரும் இன்னொருவனுடையது என்று சொல்லமாட்டார்கள். வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பான். வரப்பில் நண்டு வளை இருக்கிற இடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். குனிந்து பார்க்காமலே அந்த இடம் வந்ததும் ஒரு சின்னத் தாவல். தாவி இறங்கியதும் இடது தோள் ஒருதடவை ஏறித் தாழும். பெரிய மைனர் என்று நினைப்பு என்று நான் கேலி செய்வேன். சிமெண்டுத் தரையிலும் அப்படித்தான் நடப்பான், அங்கே நண்டுமில்லை வளையுமில்லை.

அந்த ஐப்பசி நாளில் நடவு முடிந்து பயிர் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. வரப்பு முழுசாகத் தெரிகிற பருவம். மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்ததாம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் உள்ளே இருந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்: "தர்மா, வர்றான். சோத்தப் போடு." மத்தியானமே சாப்பிடாமல் போன பிள்ளை என்று அம்மா அவசர அவசரமாகத் தட்டை வைத்துச் சோறு போட்டு, ரசத்தைச் சூடு பண்ணியிருக்கிறாள். அப்பா மறுபடி பார்த்தபோது வரப்பில் ஆளில்லை. போர்செட்டில் கால் கழுவப் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறார். ரசம் ஆறிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு அண்ணாதுரை மோட்டார் பைக்கில் வந்து, வண்டியை நிறுத்தாமலே அழுதிருக்கிறார். அப்பா 'வர்றான்' என்று சொன்ன நேரத்தில் சதீஷ் கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி மூடிக் கிடந்தான்.

கருமாதி முடிந்த அன்றைக்கே அப்பா மாற்றிச் சொல்லிவிட்டார். கண் சரியில்லை, எவனோ மோட்டார் கொட்டகைக்குப் போன ஆள், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க மொகத்த தப்பா பாப்பீங்க. நடைய தப்பா பாக்க மாட்டீங்க" என்றாள். இரண்டு பேரும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வதில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா தட்டை வைப்பாள், அப்பா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். இன்னொன்றையும் நான் கவனித்தேன். பொழுது சாய்ந்தபிறகு அப்பா அந்த வரப்பில் கால் வைப்பதில்லை. தண்ணீர் மாற்றவேண்டியிருந்தாலும் வாய்க்கால் கரையோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார். அறுபத்தைந்து வயது மனிதர் தன் சொந்த வயலைச் சுற்றிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதனால் அம்மா கேசட் போடச் சொன்னதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. எதற்காக என்று மட்டும் கேட்டேன்.

"அவரு ஒரு தரம் பாக்கட்டும். பாத்துட்டு, அன்னிக்கு வந்தது இந்த நடை இல்லன்னு என் மூஞ்சப் பாத்துச் சொல்லட்டும். நான் இந்தத் தட்ட எடுத்துப் பரண்ல போட்டுர்றேன். இனிமே வெக்க மாட்டேன்."

அப்பா நிமிர்ந்தார். "சொன்ன மாதிரி செய்வியா?"

"நீங்க சொல்லுங்க, செய்யிறேன்."

டிவி சதீஷ் வாங்கியது. கிரிக்கெட்டுக்காக வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினான். மாட்டிய பிறகுதான் வாசல் வெளிச்சம் அப்படியே திரையில் விழும் என்று தெரிந்தது. மேட்ச் ஓடும்போதெல்லாம் "கதவச் சாத்துங்களேன்" என்று கத்திக்கொண்டே இருப்பான். இப்போது அந்தக் கதவைச் சாத்த அம்மா விடுவதில்லை. எனக்கு அந்த டிவி ஆபீஸ் வேலைக்கு இரண்டாவது திரை. ஒரு வீடியோ கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். படம் தடுக்குகிறதா, திணறுகிறதா, குரல் வருமுன் உதடு அசைகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக் குற்றம் சொல்வதுதான் பிழைப்பு. என் சுபாவத்துக்குத் தோதான வேலை என்று சதீஷ் சொல்லுவான்.

கல்யாண டிவிடியை எப்போதோ லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். அம்மா சொன்ன இடம் எனக்குத் தெரியும். பந்தலுக்கு முகூர்த்தக்கால் நட, வயலோரத்துக் கல்யாண முருங்கையில் ஒரு கொம்பை வெட்டிக்கொண்டு வரவேண்டும். பெண்ணின் தம்பிதான் போனான். வீடியோக்காரருக்கு அந்தப் பச்சை வயல் பிடித்துப்போய், "தம்பி, திரும்பப் போயி மறுபடி வாங்க" என்று அவனை அலையவிட்டார். தோளில் கொம்பு, இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி, காமிராவைப் பார்த்து நேராக நடந்து வருவான். அதே வரப்பு. அப்பா அன்றைக்கு ஆளைப் பார்த்த அதே திசை. நட்ட கொம்பு துளிர்த்து, இன்றைக்கு வாசலில் மரமாக நிற்கிறது.

அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்பா கட்டிலிலிருந்து நகரவில்லை. நான் படத்தை ஓடவிட்டேன்.

வயல் வந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. புள்ளி ஆளாகி, ஆள் வரப்பின்மேல் வர ஆரம்பித்தான். என் தம்பியை நடமாடும் உருவமாகப் பார்த்து வெகு நாளாயிற்று. ஆனாலும் என் பிழைப்புப் புத்தி போகவில்லை. இரண்டு எட்டு அவன் வைப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் தடுக்குகிறான். நகர்ந்து, ஒரு நொடிப்பொழுது நின்று, வெட்டி இழுத்தமாதிரி மறுபடி நகர்ந்தான். தாவல் தாவலாக இல்லை. தோள் ஏறியது, தாழும்போது பிய்ந்து தாழ்ந்தது. நொண்டுகிறவன் அதை மறைத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

காரணம் சின்னது. அந்த வீடியோ நொடிக்கு இருபத்தைந்து படம். என் ஆபீஸ் வேலைக்காக டிவியை நொடிக்கு அறுபது தடவை திரை மாறும்படி வைத்திருந்தேன். இரண்டும் ஒத்துப்போகாது. ஐம்பதுக்கு மாற்றினால் சரியாகிவிடும், நாலு க்ளிக். வாயைத் திறக்கப் போனேன்.

அப்போது அப்பா மூச்சு விட்டார். நெஞ்சில் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்டமாதிரி ஒரு மூச்சு. "இது இல்ல" என்றார். "நான் அன்னிக்குப் பாத்தது இப்புடி இல்ல தர்மா. சத்தியமா இல்ல. அது சும்மா தண்ணி ஓடுற மாதிரி வந்துச்சு. இது வேற. எவனோ ஆளு. நாந்தான் சொன்னேன்ல." அவர் முகத்தில் மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. கையை ஊன்றி எழுந்தே விட்டார், வரப்பில் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வரப்போகிறவர் மாதிரி மண்வெட்டி இருக்கும் மூலையைப் பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என்ன தப்பு என்று நினைத்தேன். அப்பா அவர் வயலில் நடப்பார். தட்டு பரணுக்குப் போகும். நான் சென்னைக்குப் போகலாம். டிவிப் பெட்டியில் ஒரு நம்பரை மாற்றாமல் விட்டதற்காக எந்தச் சாமியும் கண்ணைக் குத்தப்போவதில்லை. இப்படி நினைக்கும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது, இருந்தாலும் நினைத்தேன்.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சதீஷ் காமிராவுக்குப் பக்கத்தில் வந்து சிரித்துவிட்டு விலகியதும், வீடியோக்காரர் சொன்னபடி மறுபடி தூரத்திலிருந்து வர ஆரம்பித்தான். மறுபடி நொண்டினான்.

"வானதி" என்றாள். "அவன் ஏன் நொண்டுறான்?"

நான் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"எம் புள்ள நொண்டி இல்லடி. கல்யாணத்தன்னிக்குக் கால்ல முள்ளு கிள்ளு குத்தியிருந்துச்சா? எங்கிட்ட சொல்லலியே. வலியோடவா அம்புட்டுத் தூரம் நடந்தான்?"

அவள் அதை நம்பிவிட்டாள். செத்துப்போன பிள்ளைக்கு எட்டு வருஷத்துக்கு முந்தி முள் குத்தியதா என்று கண் கலங்க ஆரம்பித்துவிட்டது. இது ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. இருக்கிற வலி போதாதென்று அவளுக்கு ஒரு புது வலியை நானே செய்து கொடுக்கவேண்டுமா?

"முள்ளெல்லாம் இல்லம்மா. டிவி பண்ற வேல. பந்தில இருபத்தஞ்சு பேரு உக்காந்துருக்காங்க, உன் கையில அறுவது அப்பளம் இருக்குன்னு வையி. எப்புடிப் போடுவ? சில எலைக்கு ரெண்டு, சில எலைக்கு மூணு. அந்த மாதிரிதான். அவன் ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள சில படத்த ரெண்டு தரம் காட்டுது, சிலத மூணு தரம் காட்டுது. அதான் இழுத்து இழுத்து நடக்குற மாதிரி தெரியுது. அவன் நல்லாத்தான் நடந்தான்."

அம்மா யோசித்தாள். ஊர்ப் பந்தியில் பாதியை அவள்தான் பரிமாறியிருக்கிறாள். கணக்கை அவளுக்கு முன்னால் போட்டது அப்பா. மண்வெட்டியிடம் போனவர் நின்றுவிட்டார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

"அம்பது இருந்தா ஆளுக்கு ரெண்டு" என்றார்.

"ஆமாம்ப்பா."

"அத அம்பதுல வைக்க முடியுமா?"

"முடியும்."

அவர் திரும்பவில்லை. இந்த இடத்தில் அவர் அப்படியே வெளியே போயிருக்கலாம். பார்த்தாயிற்று, சொல்லியாயிற்று, அம்மாவும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். போய்விடுங்களேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அப்பா கொஞ்சநேரம் மண்வெட்டிக் கணையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, கட்டிலில் இல்லை, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காமல் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

"வச்சிரும்மா" என்றார். "அரைகுறையாப் பாத்துட்டுச் சொல்லக் கூடாது."

செட்டிங்ஸில் அந்த வரிசை திறந்தது. இருபத்துநாலு, இருபத்தைந்து, முப்பது, ஐம்பது, அறுபது. தினமும் பார்க்கிற எண்கள்தான். படத்தைச் சதீஷ் புள்ளியாக இருக்கிற இடத்துக்குத் தள்ளி ஓடவிட்டு, ஐம்பதைத் தொட்டேன். டிவி ஒருதடவை அணைந்து எரிந்தது.

அவன் வந்தான்.

என்ன சொல்வது? தடுக்கல் இல்லை, இழுப்பு இல்லை. நிஜமாகவே தண்ணீர் வாய்க்காலில் வருவதுபோல வந்தான். வலது பாதம் வெளியே திரும்பி விழுந்தது. வளை இருக்கிற இடத்தில் குனியாமல் தாவினான், தோள் ஏறித் தாழ்ந்தது. தோளிலிருந்த முருங்கைக் கொம்பின் இலைகூட அவன் நடைக்குத் தக்கபடி குலுங்கியது. சுவரில் ஓட்டை போட்டு, அந்தப்பக்கம் அவன் வருவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தினம் நூறு வீடியோ பார்க்கிற எனக்கே அப்படி. பயமாக இருந்தது. பயத்தைவிட, அவன் இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று ஆசையாக இருந்தது.

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மாற்றியதை இப்படியே வைத்துக்கொள்ளவா, பழையபடியே விட்டுவிடவா என்று அது எப்போதும் கேட்கும். பதில் சொல்ல அவகாசம் குறைந்துகொண்டே வரும். ஒன்றும் சொல்லாவிட்டால், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு தானே பழையபடிக்குப் போய்விடும். பெட்டிக்குப் பின்னால், எண்கள் குறையக் குறைய, சதீஷ் பெரிதாகிக்கொண்டே வந்தான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை, வழிகிறது என்று அவருக்குத் தெரிந்ததாகவும் தோன்றவில்லை. அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு, மடியிலிருந்த தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இல்லை என்று சொல்லுங்கள், ஆமாம் என்று சொல்லுங்கள், இரண்டில் எதைச் சொல்லவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்பது இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"தர்மா" என்றார் அப்பா. சத்தமே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "வர்றான். சோத்தப் போடு."

அம்மா எழுந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஜெயித்துவிட்டேன் என்கிற பார்வைகூட இல்லை. அடுக்களையில் சோற்றுப்பானை மூடியை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

பெட்டியில் எண் குறைந்துகொண்டிருந்தது. ஒரு க்ளிக் செய்தால் அவன் இப்படியே நடந்துகொண்டிருப்பான், தினம் சாயங்காலம். இல்லாவிட்டால் நொண்டிக்கொண்டு எவனோ ஆகிவிடுவான். விரலை வைத்தேன். அழுத்த வரவில்லை, எடுக்கவும் வரவில்லை. சதீஷ் கிட்டே வந்து, சிரிக்க ஆரம்பித்தான். எண் தீர்ந்தது.

திரை கறுத்தது.

ஐம்பதிலிருந்து அறுபதுக்கு மாறுகிற அந்தக் கொஞ்ச நேரக் கறுப்பில் எங்கள் கூடம் முழுக்கத் தெரிந்தது. தரையில் அப்பா, லேப்டாப்போடு நான், சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து குனிந்து வைக்கிற அம்மா. எங்களுக்குப் பின்னால் அகலத் திறந்திருந்த வாசல், முருங்கை மரம், அதற்கப்பால் கதிர் சாய்ந்த சம்பாவுக்கு நடுவே ஒரு கோடாக வரப்பு. சாயங்கால வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. அம்மா தட்டை வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். மூன்று பேரும் அந்தக் கண்ணாடிக் கறுப்பில் தெரிந்த வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் திரும்பவில்லை.